குரலும் பெயரும்

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்புறம், வெங்காய மண்டிகளைத் தாண்டிப் போகும் சந்தில், ஒரு பழைய சாமான் கடையில் சென்ற வருஷம் ஒரு கிராமபோன் பிளேட் வாங்கினேன். பித்தளைச் சொம்புகளுக்கும் ஓடாத சுவர்க் கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்தது. கடைக்காரர் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "பாகவதர் பிளேட்டு சார், வச்சுக்குங்க" என்றார். இந்த ஊரில் பழைய பிளேட் என்றால் அது தியாகராஜ பாகவதர்தான். வேறு யாரும் எப்போதும் பாடியதில்லை. ஆனால் இது பாகவதர் இல்லை என்பது தூக்கியவுடனேயே தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும்தான் கோடுகள், மறுபக்கம் மொழுக்கென்று வெறுமை. ஒற்றைப் பக்கத் தட்டுகள் பாகவதர் பாட வருவதற்கு வெகு காலம் முன்பே வழக்கொழிந்து போனவை.

இது முக்கியமில்லை. நான் அதை வாங்கியதற்குக் காரணம் வேறு. நடுவில் லேபிள் இருக்க வேண்டிய இடத்தில், கணக்குப் புஸ்தகத்துக் காகிதம் ஒன்றை வட்டமாக வெட்டி, துவாரத்துக்கு வழிவிட்டு, யாரோ மிகுந்த சிரத்தையுடன் ஒட்டியிருந்தார். அதன் மேல் கட்டைப் பேனாவால் ஒரே ஒரு சொல்: அருட்பா. பாடியவர் பெயர் இல்லை. பெயர் அந்தக் காகிதத்தின் கீழே இருந்தது.

ஈரப் பஞ்சை வைத்து வைத்து எடுத்தேன். ரூபாய் நோட்டு எண்ணுகிற உத்தியோகத்தில் ஈரப் பஞ்சு கைக்குப் பழகிய பொருள். அந்த நம்பிக்கைதான் கெடுத்தது. நூறு வருஷத்துக் கஞ்சிப் பசை காகிதத்தை விடுவதற்குப் பதில் லேபிளையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிட்டது. கம்பெனியின் தேவதைச் சின்னத்தில் ஒரு சிறகும், ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்பதில் பாதியும் மிஞ்சின. பெயர் போயிற்று. முதலில் மறைத்தது ஒருவர், அழித்தது நான்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் சாவி கொடுத்து ஓட்டும் மெஷின் இருக்கிறது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டை விட மெஷின் மீதுதான் அவருக்குப் பிரீதி. அவர் வீட்டுக் கூடத்தில் அதைக் கேட்டேன். ஒரு பெண்ணின் குரல். தாளமில்லாமல், விருத்தமாக, ராகம் மாற்றி மாற்றிப் பாடுகிறாள். பின்னால் ஹார்மோனியம், அதற்கும் பின்னால் வயலின் என்று நாம் ஊகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

அந்தக் கணத்திலேயே நான் ஒன்றைத் தீர்மானித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இது கோயம்புத்தூர் தாயி.

ஆதாரம் கிடையாது. அந்தக் காலத்தில் அருட்பா பாடித் தட்டு கொடுத்த பெண்கள் வேறு பேரும் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அது தாயியாக இருக்க வேண்டியிருந்தது. இந்த 'வேண்டியிருந்தது' பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தாயியின் இயற்பெயர் பழனி குஞ்சரம். 1872-ல் பிறந்து 1917-ல் மறைந்தவர், தேவதாசி மரபினர். 1902-ல் ஃப்ரெடரிக் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலை மெழுகில் பிடித்துக்கொண்டு போன பிறகு, கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு ஊராகப் பாடகிகளைத் தேடி வந்தார்கள். சென்னைப் பகுதியில் அப்படிக் கிடைத்த முதல் வரிசைக் குரல்களில் தாயியுடையதும் ஒன்று. சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று அந்த வரிசை போகும். ஏறக்குறைய எல்லாருமே தாசி குலத்துப் பெண்கள் என்பது தற்செயல் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு அன்னியர் முன் பாடுவது பற்றிக் கூச்சப்படத் தேவையில்லாத பெண்களாக அப்போது அவர்கள்தான் இருந்தார்கள். 'குடும்பப் பெண்கள்' வீட்டில் பாடினார்கள், அல்லது பாடவில்லை.

எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் விமர்சகர்கள் பழைய தட்டுகளைப் பற்றிப் பேசும்போது 'பாவம்', 'உருக்கம்' என்று பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். மைக் 1925-க்குப் பிறகுதான் பதிவுக்கு வந்தது. அதற்கு முன் ஒரு தகரக் குழல். குழலின் வாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தொண்டையின் முழு பலத்தோடு பாட வேண்டும். குழலின் மறுகோடியில் ஒரு மெல்லிய சவ்வு அதிர்ந்து, சுழலும் மெழுகில் ஊசியால் கீறும். மின்சாரத்தின் உதவி கிடையாது. மெழுகைக் கீறியது அவள் மூச்சின் பலம்தான். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஊசி துள்ளிப் பதிவு கெட்டுவிடும். இழுக்கத் தெரியாதவர்களின் தலையைப் பதிவுக்காரரே பிடித்து இழுத்ததுண்டு. எதிரே ரசிகர் இல்லை. தலையாட்ட ஆள் இல்லை. நாலு மணி நேரக் கச்சேரியில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ராகத்தை, மெழுகு தீர்வதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும். பிறகு அந்த மெழுகு கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவருக்குப் போய், அரக்கும் கல்மாவும் கரியும் கலந்த தட்டுகளாக வார்க்கப்பட்டுத் திரும்பி வரும். 1908-ல் கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்த பிறகுதான் இந்தப் பிரயாணம் நின்றது.

என்னுடைய தட்டில் அந்தப் பெண் மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது குரல் திடீரென்று தூரப் போகிறது. முதல் தடவை கேட்டபோது மனம் கரைந்துவிட்டது. அது பாவமல்ல, குழலிலிருந்து விலகிய தலை என்று பிறகு புத்தி சொல்லிற்று. மூன்றாவது, நாலாவது தடவை கேட்டபோது இரண்டும் சரியாகப் படவில்லை. ஏனென்றால் அவள் அந்த விலகலுக்கு முன்பே குரலைச் சன்னப்படுத்தத் தொடங்கிவிடுகிறாள். விலகியாக வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, விலகலையே பாட்டின் ஒரு பகுதியாக்கிக் கொள்கிறாள். அதற்கப்புறம், கடைசி வரிக்கு முன்னால், நிறுத்துகிறாள். ஒரு முழு மூச்சுக்கு மேல் மௌனம். மூன்று நிமிஷம்தான் கையில் இருக்கிறது என்பது தெரிந்த ஒருத்தி, அதில் இத்தனையை மௌனத்துக்குக் கொடுக்கிறாள் என்றால், அது கைத்தவறுதல் அல்ல. யோசித்துச் செய்த காரியம்.

தட்டுகளை இழிவாகப் பேசும் சங்கீதக்காரர்கள் உண்டு. கடலைச் சொம்பில் மொண்ட கதை, அசல் சங்கீதம் கச்சேரியில்தான் இருந்தது, இது அதன் நிழல் என்பார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. அந்த மௌனம் எந்தக் கச்சேரியின் நிழலும் இல்லை. கச்சேரியில் அதற்கு அர்த்தமே கிடையாது. அங்கே நேரம் கொள்ளை கொள்ளையாகக் கிடக்கிறது. குழலுக்கு முன்னால், மெழுகு தீர்ந்துகொண்டிருக்கும்போது மட்டுமே சாத்தியமான ஒரு சிருஷ்டி அது. சிறுகதை நாவலின் துண்டு இல்லை என்பதை நாம் ஒருவாறு கற்றுக்கொண்டோம். தட்டு கச்சேரியின் துண்டு இல்லை என்பதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இதுவரை எனக்குச் சிரமம் இல்லை. 'எழுத்து' காலத்திலிருந்து நாம் பேசிவரும் பேச்சுத்தான் இது: படைப்பைப் பார், படைத்தவனைப் பார்க்காதே. செல்லப்பா அலசல் என்றார். கல்லூரியில் எங்களுக்கு எலியட்டின் 1919 கட்டுரையைச் சொல்லிக்கொடுத்தார்கள்: கலைஞன் தன் தனித்தன்மையை வெளிப்படுத்துவதில்லை, அதிலிருந்து தப்பித்துக்கொள்கிறான் என்று. பிறகு விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-ல் வந்து, எழுதியவன் என்ன நினைத்தான் என்று கேட்பதே பிசகு என்றார்கள். நான் இதை நம்பியவன். இன்றும் பெரும்பாலும் நம்புகிறவன். ஒரு கவிஞரின் கவிதையைக் கேட்டால் அவர் குடும்பக் கதையைச் சொல்ல ஆரம்பிக்கும் நம்மூர் ரசனைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

ஆனால் அந்த ஒட்டுக் காகிதம் இருக்கிறதே. பெயரை மூடிவிட்டு, படைப்பின் பெயரை மட்டும் மேலே எழுதி வைத்தவர், நம் சித்தாந்தத்தை அப்படியே நடைமுறைப்படுத்தியிருக்கிறார். குரல் போதும், ஆள் வேண்டாம். என்னைவிடச் சுத்தமான விமர்சகர்.

அவர் ஏன் ஒட்டினார் என்பது ஊகிக்கக்கூடியதுதான். கிராமபோன் ஒரு விசித்திரமான சௌகரியத்தைக் கொண்டுவந்தது. தாசி வீட்டுக்குப் போகாமல், அவளைத் தன் வீட்டுக்கும் அழைக்காமல், அவள் பாட்டைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கலாம். மனைவியும் மாமியாரும்கூடக் கேட்கலாம். 1890-களிலேயே நாட்டியத்துக்கு எதிரான கூச்சல் சென்னையில் எழுந்துவிட்டது. கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் மசோதாவை 1930-ல் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குக் கொண்டுவந்தார்; சட்டமானது 1947-ல். பொட்டுக் கட்டும் வழக்கம் போக வேண்டியதுதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து அந்தப் பெண்களையும் மேடையிலிருந்து இறக்கிவிட்ட அதே வருஷங்களில், அவர்கள் குரல்கள் பெட்டி பெட்டியாகக் கண்ணியமான வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தன. ஆளை வாசலில் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்ள ஒரு யந்திரம். அப்படியும் உறுத்தல் மிஞ்சியவர்கள் லேபிளின் மேல் காகிதம் ஒட்டினார்கள். அருட்பா இருக்கட்டும், அதைப் பாடியவள் வேண்டாம்.

(அருட்பாவுக்கே இது நேர்ந்தது என்பதையும் சொல்லிவைக்கலாம். ராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் 1867-ல் 'திருவருட்பா' என்ற பெயரில் வந்தபோது ஆறுமுக நாவலருக்குப் பாடல்களை விட அந்தப் பெயர்தான் பெரிய குற்றமாகப் பட்டது. திருமுறைக்கு உரிய பெயரை உயிரோடிருக்கும் ஒருவரின் பாட்டுக்குச் சூட்டுவதா என்று மறுப்பு எழுதினார், வழக்கு வரை போயிற்று. அந்தப் பாட்டைத்தான், கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட மரபிலிருந்து வந்த பெண் வெள்ளைக்காரன் குழலுக்குள் பாடுகிறாள்.)

இப்போது எலியட் எனக்கு வேறு மாதிரி தெரிகிறார். தன் ஆளுமையிலிருந்து தப்பித்துக்கொள்வதைப் பற்றி எழுதிய அந்தக் கட்டுரையின் கீழே அவர் பெயர் அச்சாகியிருந்தது. பெயர் பத்திரமாக இருக்கிறவன்தான் பெயர் வேண்டாம் என்று சொல்ல முடியும். தாயிக்கு அந்தத் துறவு சாத்தியமில்லை. அவளுக்கு முன்பே மற்றவர்கள் அவளுக்காகத் துறந்துவிட்டார்கள். ஒரே சித்தாந்தம், ஒருவருக்கு விடுதலை, மற்றவருக்குப் பசையும் காகிதமும்.

அப்படியானால் பெயரைத் திரும்ப ஒட்டிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் எனக்குக் கால் தடுக்குகிறது.

எது அவள் பெயர்? 'கோயம்புத்தூர் தாயி' என்பது கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கும் கச்சேரி நோட்டீசுக்கும் உகந்த பெயர். ஊரும் ஒரு விளிச்சொல்லும். நாம் லேபிளைத் திறந்து பார்த்தாலும் கிடைப்பது அதுதான், குஞ்சரம் அல்ல. காகிதத்துக்குக் கீழே இன்னொரு காகிதம். கௌஹர் ஜான் இதைவிடக் கெட்டிக்காரி. பாட்டு முடிந்ததும் தட்டிலேயே ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லிவிடுவார். ஹானோவரில் தட்டு வார்க்கிறவனுக்கு எது யாருடையது என்று தெரிவதற்காக ஏற்பட்ட வழக்கம் என்கிறார்கள். எதற்காக ஏற்பட்டால் என்ன, அந்தப் பெயர் லேபிளில் இல்லை, கோட்டுக்குள் இருக்கிறது. எந்தப் பசையாலும் அதை மறைக்க முடியாது. என் தட்டில் அந்தப் பெண் பெயர் சொல்லவில்லை. பாட்டு முடிந்து, இரண்டு சுற்று வெறும் இரைச்சல், ஒரு செருமல். அது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை.

இன்னொரு பயமும் உண்டு. பெயரைக் கொடுத்தவுடன் நாம் கதையைக் கேட்போம். அமெரிக்காவில் நீக்ரோ மக்களின் ப்ளூஸ் பாடல்களுக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். 1920-களில் கம்பெனிகள் கறுப்பர்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டு விற்ற தட்டுகள் அவை. பெஸ்ஸி ஸ்மித் போன்ற பெரிய பாடகிக்கே ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. விற்பனையில் பங்கு கிடையாது. ராபர்ட் ஜான்சன் 1936-லும் 1937-லும் இரண்டே தடவைகளில் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு 1938-ல் செத்துப்போனார். பிறகு வந்தவர்கள் அவரைக் கேட்டார்களா? நாற்சந்தியில் சைத்தானுக்கு ஆத்மாவை விற்று வித்தை வாங்கிய கதையைக் கேட்டார்கள். ஒரு மனிதன் உட்கார்ந்து சாதகம் செய்து பெற்ற கைத்திறன் சைத்தானின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அதே நாட்டில் கீஷி வைலி என்று ஒரு பெண். 1930-ல் விஸ்கான்சினில் கிராஃப்டன் என்ற ஊரில் எல்வி தாமஸ் என்ற தோழியுடன் பாடிய சில தட்டுகள்தான் அவளுடையதாக மிஞ்சியவை. தட்டின் பிரதிகள் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கீஷி என்பதும் பட்டப் பெயர்தான். அவளைத் தேடிச் சென்றவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேடலைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால், அவள் கிதாரில் அடித்தந்தியை என்ன செய்கிறாள் என்பது பற்றிய பக்கங்கள் கொஞ்சம்.

நம்மிடமும் அந்தக் கதை தயாராக இருக்கிறது. தாசியின் துயரம், இருண்ட வீடு, கைவிட்ட மிராசுதார். தாயியின் பெயரைச் சொன்னால் அந்த மௌனத்தை யாரும் கேட்கப் போவதில்லை. அதில் அவள் அழுகையைத்தான் கேட்பார்கள். பெயரை மறைத்தால் திருட்டு. பெயரைச் சொன்னால் பரிதாபம். பரிதாபமும் ஒரு வகை ஒட்டுக் காகிதம்தான், வேலைப்பாடு மிகுந்தது.

இரண்டுக்கும் வெளியே ஒருவர் அவளைக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் அவமானமாகவும் இருக்கிறது. மொரிஸ் டெலாழ், பிரெஞ்சுக்காரர், ராவெலின் சீடர். தாயியின் தட்டுகள் அவரை வெகுவாகப் பாதித்தன. 1912-ல் இந்தியாவுக்கு வந்தார். திரும்பிப் போய் 'ராகமாலிகா' என்று ஒன்று எழுதினார். ஏதோ கீழ்த்திசை மணம் தூவிய சரக்கு அல்ல அது. தாயி பாடிய அருட்பாத் தட்டைக் கேட்டுக் கேட்டு, ராகம் மாறும் இடங்களோடு, மேற்கத்திய ஸ்வரக் குறிப்பில் பெயர்த்தது. நம் சுருதியின் அடி நாதத்துக்குப் பியானோவில் என்ன செய்வது என்று யோசித்து, ஒரே ஒரு ஸ்வரத்தின் தந்திகளுக்கு அடியில் கெட்டி அட்டையைச் செருகச் சொன்னார். அந்தக் காலத்தில் பியானோவை அப்படிச் செய்வது விக்கிரகத்தின் மேல் கை வைப்பது போல. ஒரு தட்டைக் கேட்டதற்காகத் தன் வாத்தியத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தவர். பாடியவள் யார், என்ன குலம் என்பது அவர் காதில் குறுக்கே நிற்கவில்லை. குலம் என்றால் என்ன என்பதே அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. ஆளைக் குரலிலிருந்து பிரித்த அதே யந்திரம்தான் இதையும் சாத்தியமாக்கிற்று. இங்கே உறுத்தலோடு கேட்டவரையும் அங்கே உறுத்தலே இல்லாமல் கேட்டவரையும் ஒரே பிளேட் உண்டாக்கியது. கொணர்பவருக்குக் கொடு என்று எழுதிய செக் போல. யார் கொண்டுவந்து நீட்டினாலும் பணம் கிடைக்கும், எழுதிக்கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை.

டெலாழைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். வெள்ளைக்காரன் கண்டுகொண்டான் என்றவுடன் நாம் கண்டுகொள்ளும் வியாதி நமக்குப் பழையது. எனக்கு அவரைவிட நெருக்கமான உதாரணம் பெங்களூர் நாகரத்தினம்மாள். தஞ்சாவூர் அரசவையில் 18-ம் நூற்றாண்டில் இருந்த முத்துப்பழனி என்ற தாசி தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு'வை முன்பு அச்சிட்டவர்கள், அவள் தன்னையும் தன் தாய் வழியையும் பற்றிச் சொல்லியிருந்த முகவுரையை வெட்டிவிட்டு அச்சிட்டிருந்தார்கள். சிருங்காரம் மிகுந்த பாட்டுகளையும் வெட்டியிருந்தார்கள். நாகரத்தினம்மாள் ஏட்டுப் பிரதி தேடிப் பிடித்து, இரண்டையும் சேர்த்து 1910-ல் பதிப்பித்தார். 1911-ல் சர்க்கார் தடை செய்தது. தடை நீங்கியது 1947-ல். இதில் எனக்குப் படுவது என்னவென்றால், அந்த அம்மாள் முத்துப்பழனிக்காகக் கண்ணீர் விடவில்லை. வெட்டிய பாட்டுகளைச் சேர்த்தார், வெட்டிய பெயரையும் சேர்த்தார், இரண்டும் ஒரே காரியம் என்பது போல. தட்டில் பாடிய ஒருத்திக்குத்தான் அது ஒரே காரியம் என்று தெரிந்திருக்கிறது.

அந்தக் காகிதத்தை ஒட்டியவரைப் பற்றி நான் எழுதிக்கொண்டே வந்ததில் ஒரு அநியாயம் இருக்கிறது. ஆண் என்று வைத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்தது அந்த நிச்சயம்? அந்த எழுத்தைத் திரும்பப் பார்த்தேன். பழகாத கை, 'ட்'டின் புள்ளி விலகி விழுந்திருக்கிறது. வீட்டில் ஒரு பெண் ஒட்டியிருக்கலாம். பெரியவர்கள் கண்ணில் பட்டால் தட்டு குப்பைக்குப் போகும், அதனால் பெயரை மூடிவிட்டு, கேட்டால் சாமி பாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று செய்திருக்கலாம். அப்படியானால் அது மறைத்தல் அல்ல, ஒளித்து வைத்தல். அந்தத் தட்டு தேய்ந்திருக்கும் விதம் இதற்குச் சாதகமாக இருக்கிறது. எஃகு ஊசி ஓடும் ஒவ்வொரு தடவையும் கோட்டைக் கொஞ்சம் தின்றுவிடும். யாரும் விரும்பாத தட்டுகள்தான் இன்று சேகரிப்பவர்களிடம் பளபளவென்று இருக்கின்றன. இது தேய்ந்திருக்கிறது, அதுவும் ஒரு இடத்தில் அதிகமாக. கடைசி வரிக்கு முன்னால், அந்த மௌனத்தை ஒட்டி, கோடு சாம்பல் பூத்திருக்கிறது. ஊசியைத் தூக்கித் தூக்கி அங்கேயே வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் நான் கேட்டதையே கேட்டிருக்கிறார், எலியட்டைப் படிக்காமல்.

சரி, நான் என்ன செய்தேன்?

லேபிள் போய்விட்டது, பெயர் தெரிய வழியில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா. அது முழு உண்மை இல்லை. லேபிளுக்கு வெளியே, கோடுகள் முடியும் இடத்தில், அரக்கிலேயே சிறிதாக ஒரு எண் பொறித்திருக்கிறது. அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாவற்றிலும் இருக்கும். எந்த ஊரில், யார் பாடி, எந்த வரிசையில் எடுத்தது என்பதை இத்தகைய எண்களிலிருந்து கண்டுபிடித்துப் பட்டியல் போட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டு எழுதினால் பதில் கிடைத்துவிடக்கூடும். வாங்கிய மறு வாரமே இது எனக்குத் தெரியும். எட்டு மாதமாக எழுதவில்லை. ஆபீஸ், வேலை, மறதி என்று எதையாவது சொல்லலாம். ஆனால் தினமும் நூறு கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டு, இது இவர்தான் என்று முடிவு சொல்லுகிற உத்தியோகம் என்னுடையது. அந்தச் சின்னச் சரிபார்த்தலை இங்கே செய்யாததற்குக் காரணம், தாயி இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். டெலாழும் ராவெலும் இல்லாத, யாருக்கும் தெரியாத, விளம்பரத்துக்குக்கூட ஒரு ஊர்ப் பெயர் இல்லாத ஒருத்தியாக இருந்துவிட்டால், அந்த மௌனம் அப்போதும் அதே மௌனமாக இருக்குமா? இருக்கும் என்று என் சித்தாந்தம் சொல்கிறது. இருக்குமா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பெயர் வேண்டாம் என்று மேடையில் பேசுகிறவன், பெரிய பெயராக இருக்கட்டும் என்று வீட்டில் வேண்டிக்கொண்டிருந்தேன். உரியவளின் பெயரை மறைத்தவரைக் குறை சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்த பெயரை அதே இடத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எண்ணைக் குறித்துக்கொள்வதற்காகத் தட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். பூதக்கண்ணாடி பெரியவரிடம்தான் இருக்கிறது. குறித்துக்கொண்டதும், வந்தது வந்தாய், ஒரு தடவை கேட்டுவிட்டுப் போ என்றார்.

அப்போதுதான் அவர் ஒன்றைச் சொன்னார். அந்தக் காலத்துத் தட்டுகளில் 78 சுற்று என்பது பின்னால் வந்த ஏற்பாடு. முதலில் ஆளுக்கொரு வேகத்தில் பதிவு செய்தார்கள். 70-ம் இருக்கும், 80-க்கு மேலும் இருக்கும். மெஷினில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்பி நாம்தான் வேகம் வைக்க வேண்டும். வேகம் கூடினால் சுருதி ஏறும், குரல் சிறு பெண்ணுடையதாகும். குறைத்தால் வயசு கூடும். அவள் எந்தச் சுருதியில் பாடினாள் என்பது தட்டில் எழுதியிருக்கவில்லை.

"முதல் தடவை நீ வந்தப்போ 78-லதான் வெச்சேன்" என்றார். "சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு, கொஞ்சம் கொறைங்கோன்னு நீதான் சொன்னே. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. 1905, 1906 வாக்கில் தாயிக்கு முப்பத்துமூன்று, முப்பத்துநாலு வயது. அந்த வயதுக் குரல் வரும் வரை திருகைத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும், இதோ தாயி என்று சொல்லியிருக்கிறேன்.

"இப்போ எதுல வெக்கட்டும்?"

எனக்குத் தெரியவில்லை, மாமா, என்றேன். அவர் திருகை 78-க்குக் கொண்டுபோய், சாவி கொடுத்து, புது ஊசி மாட்டினார். "ஒவ்வொரு தடவையும் தேயறது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஊசியை இறக்கினார்.